வீட்டு ரூட்டரில் வாயில் திறத்தல்

பெங்களூரில் ஒருவருடைய வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிய காரியமன்று. "3ஆவது கிராஸ், 12ஆம் எண் வீடு" என்று மட்டும் எழுதிய சீட்டுடன் வெளியூர் அன்பர் ஒருவர் ரயிலை விட்டு இறங்குவாராயின், அவர் பாடு பெரும்பாடாகிவிடும். மல்லேசுவரத்திலும் 3ஆவது கிராஸ் உண்டு, ஜெயநகரிலும் உண்டு, இந்திராநகரிலும் உண்டு. பேட்டையின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கிராஸுக்குப் பொருள் உண்டாகும். ஆனால் பேட்டைக்குள்ளேயே வாழ்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. காய்கறி வண்டிக்காரரிடம் "3ஆவது கிராஸுக்கு வாருங்கள்" என்றால் போதும். அவர் சரியாக வந்து நிற்பார்.

நம் இல்லங்களுக்கு இன்று இணையத்தைக் கொண்டுவரும் ரூட்டர் என்னும் சிறு பெட்டியும் இதே முறையைத்தான் கையாளுகிறது. வீட்டிலுள்ள கணிப்பொறி, கைப்பேசி, தொலைக்காட்சி, காமிரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது 192.168.1.5, 192.168.1.6 என்பன போன்ற எண்களை முகவரியாக வழங்குகிறது. அடுத்த வீட்டு ரூட்டரும் இதே எண்களை வழங்கலாம். எதிர்வீட்டு ரூட்டரும் வழங்கலாம். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள். வெளியுலகம் அறிந்த முகவரி ரூட்டர் ஒன்றற்கே உண்டு. அப்படியாயின், வெளியில் இருக்கும் ஒருவர் நம் வீட்டிலுள்ள ஒரு குறிப்பிட்ட சாதனத்தை அணுக வேண்டுமானால் என்ன செய்வது? அதற்காக ரூட்டரில் செய்யும் ஏற்பாட்டுக்குப் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்று பெயர். அந்த ஏற்பாட்டைப் பற்றியும், அதனால் நம் இல்லத்தில் நேர்ந்த ஓர் அனுபவத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்கிறோம். ஆகவே, 'போர்ட்' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்ற கேள்வியே நமக்கு முதலில் எழுந்தது. இலத்தீன் மொழியில் துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்டுஸ்' என்ற சொல்லும், வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' என்ற சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கணிப்பொறியில் வழங்கும் பொருளுக்குத் துறைமுகத்தைவிட வாயிலே பொருந்துவதாக நமக்குத் தோன்றுகிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பழைய அகப்பொருள் மரபில், தலைவனுக்கும் ஊடிய தலைவிக்கும் இடையே தூது செல்பவருக்கும் 'வாயில்' என்றே பெயர். தோழி, பாணன், விறலி, விருந்தினர் முதலியோரைத் தொல்காப்பியம் வாயில்களாக எண்ணுகிறது. வந்த தூதை ஏற்றுக்கொள்வது வாயில் நேர்தல். ஏற்க மறுப்பது வாயில் மறுத்தல். ரூட்டரின் காவல் வேலை முழுவதையும் இவ்விரண்டு தொடர்களுக்குள் அடக்கிவிடலாம்.

இந்த ஏற்பாடு ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். இணைய முகவரிகளுக்கான விதிமுறை 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுக்கப்பட்டது. அதன்படி அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் இணைந்திருந்த அக்காலத்தில் இது வற்றாத கடலாகத் தோன்றியிருக்கும். நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி வலையமைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்றாக விளங்கிற்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கும் இணையத்தைத் திறந்துவிட்டது. உலகெங்கும் இவ்வாறே ஆயிற்று. 429 கோடி முகவரிகளும் போதாமற் போயின. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக்களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இருப்பும் கடைசித் தொகுதியை எட்ட, பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பஞ்சத்தை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் 1994இல் ஓர் உபாயத்தை வெளியிட்டனர். ஒரு வீட்டுக்கு அல்லது ஓர் அலுவலகத்துக்கு ஒரே ஒரு வெளிமுகவரி. உள்ளே இருப்பவை அனைத்தும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொள்ளும். அதற்கான உள்முகவரிகள் 1996இல் வரையறுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குவனவும், 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரையிலானவும் எவர் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் பயன்படுத்தத்தக்கவை.

இந்த உபாயத்தை அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலரோடு ஒப்பிடலாம். உள்ளிருந்து ஒருவர் வெளியே கடிதம் அனுப்பினால், எந்த வீட்டிலிருந்து எவருக்குச் சென்றது என்பதைக் காவலர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பதில் வரும்போது குறிப்பேட்டைப் பார்த்து அந்த வீட்டுக்கே சேர்ப்பிக்கிறார். எவரும் கேளாமல், எவர் பெயரும் இல்லாமல் ஒரு பொட்டலம் வந்தால் அவர் அதை உள்ளே விடுவதில்லை. இதனால்தான் நாம் வெளியே சென்று செய்தி படிக்கவும் படம் பார்க்கவும் தடை ஒன்றும் இல்லாதிருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து தாமாகவே வருவோர் வாசலில் நின்றுவிடுகின்றனர்.

இனி, வாயில் எண்கள். ஒவ்வோர் இணைய முகவரிக்கும் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட வாயில்கள் உண்டு. அவற்றுள் முதல் 1024 எண்கள் பெயர்பெற்ற சேவைகளுக்கு உரியவை. இணையத்தளம் 80ஆம் வாயிலிலும், பூட்டிட்ட இணையத்தளம் 443ஆம் வாயிலிலும், மின்னஞ்சல் 25ஆம் வாயிலிலும் வரவேற்கப்படும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது காவலரின் குறிப்பேட்டில் நாம் நிரந்தரமாக எழுதிவைக்கும் ஒரு வரி: "இன்ன எண் வாயிலைக் கேட்டு வருபவர் எவராயினும், இன்ன வீட்டுக்கு அனுப்புக." 'எவராயினும்' என்ற அந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் அதை நினைவில் வைக்கத் தவறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அப்பொழுது நம் இல்லம் அல்சூரில் இருந்தது. உதவிக்கு வரும் அம்மையார் பகல் ஒரு மணிக்குத் தம் வீட்டுக்குச் சென்றுவிடுவார். அதன்பின் நாம் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை அன்னையார் தனியே இருக்க வேண்டும். ஆகவே, இப்படியும் அப்படியும் திரும்பக்கூடிய ஒரு காமிராவை அவர் கட்டிலுக்கு எதிரே பொருத்துவித்தோம். கடையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். அலுவலகத்தில் அமர்ந்தவாறே அன்னையாரைக் காண முடிந்தபோது நமக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

அந்த இளைஞர் செய்தது இதுதான். முதலில், காமிராவுக்கு உள்முகவரி மாறாதபடி செய்தார். ரூட்டர் வழங்கும் எண்கள் நாளுக்கு நாள் மாறலாம். இன்று 5ஆக இருப்பது மின்சாரம் போய் வந்தபின் 9ஆகலாம். அவ்வாறாயின் குறிப்பேட்டு வரி வேறொரு சாதனத்தைச் சுட்டத் தொடங்கிவிடும். ஆதலால், ரூட்டரின் பக்கத்தில் காமிராவின் அடையாள எண்ணைக் குறித்து, இதற்கு எப்பொழுதும் இதே முகவரி என்று ஒதுக்கிவைக்க வேண்டும். ரூட்டரின் அந்தப் பக்கத்தைத் திறக்கும் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருக்கும். அடுத்து, 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'வர்ச்சுவல் சர்வர்' என்ற பகுதியில் நான்கு கட்டங்களை நிரப்பினார். வெளிவாயிலின் எண், உள்முகவரி, உள்வாயிலின் எண், டி.சி.பி. அல்லது யு.டி.பி. என்னும் போக்குவரத்து முறை ஆகியவையே அந்நான்கு. கடைசியாக, கைப்பேசியில் வீட்டு வை-ஃபையை நிறுத்திவிட்டு, கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பின் வழியாகக் காமிராவைத் திறந்து காட்டினார். சோதனையை இவ்வாறு வெளியிலிருந்தே செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளிருந்தே வெளிமுகவரியைக் கேட்டால், எல்லாம் சரியாக இருந்தும் சில ரூட்டர்கள் திரும்பி வழிவிடுவதில்லை.

இவ்வளவு செய்தும் வாயில் திறவாத இல்லங்களும் உண்டு. நம் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு மாலைப்பொழுதுகளை இதில் செலவழித்துச் சலித்துப்போனார். காரணம் அவருடைய ரூட்டரில் இல்லை. முகவரிப் பஞ்சத்தால் இணைய நிறுவனங்கள் பல, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியை வழங்குகின்றன. குடியிருப்பின் காவலருக்கு மேல் பேட்டை முழுவதற்கும் ஒரு பெருங்காவலர் நிற்பதைப் போன்றது இது. நம் குறிப்பேட்டில் எழுதியது அவருக்குத் தெரியாது. இதற்கென 2012இல் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரூட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டப்படுவது இந்த வரிசையிலோ, 10 என்றோ தொடங்கினால், நாம் பெருங்காவலருக்கு உட்பட்டவர்கள் என்று அறியலாம். அப்பொழுது செய்யத்தக்கது, நிறுவனத்தைக் கேட்டுக் கட்டணம் செலுத்தித் தனி முகவரி பெறுவதே.

இனி நம் அனுபவத்துக்கு வருவோம். காமிரா பொருத்திய சில வாரங்களுக்குப் பின் ஒரு நாள் மாலை வீடு திரும்பியதும் அன்னையார் கேட்டார்: "மத்தியானம் என்னடா அப்படித் தேடினாய்? அந்தக் கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்ததே! நீ பார்க்கிறாய் என்று நான் புடவைகூட மாற்றிக்கொள்ளாமல் படுத்திருந்தேன்."

அன்று பகல் முழுவதும் நாம் ஓர் அறிக்கையின் மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்தோம். கைப்பேசியைத் தொடவேயில்லை.

ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிட்டுக் காமிராவின் மின்சாரத்தை நிறுத்தினோம். இரவில், ரூட்டரின் வாயிலை முதலில் மூடிவிட்டுக் காமிராவின் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். நாம் அறியாத முகவரிகளிலிருந்து பலமுறை உள்ளே வந்து போயிருந்தார்கள். பூட்டை உடைத்து வரவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தே வந்திருந்தார்கள். காமிராவின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் இட்டபடியே இருந்தன. அந்தச் சொல் அந்த வகைக் காமிராக்கள் அனைத்துக்கும் பொதுவானது. அதன் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. இளைஞரும் அதை மாற்றச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. எவராயினும் அனுப்புக என்று எழுதிவைத்தோம், எவரோ வந்தார்கள்.

இது நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் இரவு பகல் ஓய்வதில்லை. திறந்த வாயிலை அவை தேடிக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆவதில்லை. 2016ஆம் ஆண்டில் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலை இட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் 60க்குச் சற்று மேற்பட்டவற்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றுள் ஒரு பெரும்படை 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மீது ஏவப்பட, பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல சில மணி நேரம் எட்டாமற் போயின. அந்நிரலை ஆக்கியவர்கள் இளைஞர் மூவர். 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். படுக்கையறையிலுள்ள ஒரு காமிரா, உரியவர் அறியாமலே, கடல் கடந்த ஒரு நிறுவனத்தைத் தாக்கும் படைவீரனாக மாறக்கூடும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

பிறருடைய கணிப்பொறிச் சாதனத்துக்குள் அனுமதியின்றிக் கெட்ட எண்ணத்துடன் புகுவது நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். இத்தகைய தீநிரல்களைக் களைவதற்காக மத்திய அரசு 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்னும் நிலையத்தையும் தொடங்கிற்று. ஆயினும் திறந்த கதவைச் சாத்தும் கடமை வீட்டுக்குரியவரையே சாரும்.

மறுநாள் அன்னையாரிடம் உண்மையைச் சொன்னோம். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரவெல்லாம் எண்ணியது உண்மை. கேட்டுக்கொண்டு சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது நியாயம். காமிரா வைப்பது அவர் நன்மைக்கென்று நாம் எண்ணினோம். ஆகவே அவரைக் கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. வீட்டின் வாயிலைப் பற்றிய முடிவு வீட்டில் இருப்போர் அனைவரும் கூடிச் செய்ய வேண்டியது என்பதை அவரே நமக்குக் கற்பித்தார்.

அதன்பின் நாம் கைக்கொண்ட முறைகளை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவதாக, ரூட்டர், காமிரா இரண்டின் கடவுச்சொற்களையும் நீண்டனவாக, ஒன்றுக்கொன்று வேறாக மாற்ற வேண்டும். இரண்டாவதாக, அவற்றின் உள்நிரலைத் தயாரிப்பாளர் வெளியிடும் புதிய பதிப்புக்கு உயர்த்த வேண்டும். தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய சாதனத்துக்கு வெளிவாயில் திறத்தலே கூடாது. மூன்றாவதாக, 'யு.பி.என்.பி.' என்ற ஏற்பாட்டை ரூட்டரில் நிறுத்திவைப்பது நன்று. அது உள்ளே இருக்கும் சாதனங்கள் நம்மைக் கேளாமலே தமக்கு வாயில் திறந்துகொள்ள இடம் தருகிறது. நான்காவதாக, வெளிவாயிலின் எண்ணை வழக்கமில்லாத வேறோர் எண்ணாக மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. 65,536 கதவுகளையும் தட்டிப் பார்க்க இயந்திரத்துக்கு அலுப்பு ஏற்படுவதில்லை. ஐந்தாவதாக, பயன் முடிந்ததும் குறிப்பேட்டு வரியை அழித்துவிட வேண்டும். பிள்ளைகள் விடுமுறையில் விளையாட்டுக்கெனத் திறந்த வாயில் பள்ளி திறந்த பின்னும் திறந்தே கிடத்தல் ஆகாது.

எல்லாவற்றினும் மேலானது, காமிராவுக்கு நேரே வாயில் திறவாமல், வி.பி.என். என்னும் மறைவழியை அமைத்துக்கொள்வது. பல ரூட்டர்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 'ஓப்பன் வி.பி.என்.' என்பதற்கு 1194, 'வயர்கார்டு' என்பதற்கு 51820 எனப் பொதுவாக ஒரே வாயில் போதும். நம்மிடமுள்ள மின்சாவியைக் காட்டுவோர்க்கு மட்டுமே அது திறக்கும். வயர்கார்டு முறையில், சாவியில்லாதவர் தட்டினால் மறுமொழியே வருவதில்லை. அங்கே ஒரு கதவு இருப்பதும் அவருக்குத் தெரியாது. சாவியுள்ளவரோ உள்ளே வந்தபின் வீட்டிலேயே இருப்பவரைப்போல எல்லாச் சாதனங்களையும் அணுகலாம்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு என்னும் புதிய முகவரி முறை பரவினால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்பார் உண்டு. அம்முறை பெரிதும் பரவியுள்ள நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பது மகிழ்ச்சிக்குரியதே. அதில் முகவரிப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு சாதனமும் தனக்கென உலக முகவரி பெறும். ஆனால் முகவரி உண்டென்பதால் காவல் வேண்டாம் என்றாகிவிடாது. அங்கும் எவரை உள்ளே விடுவது என்பதை ரூட்டரின் காவல் நிரலுக்கு நாம் சொல்லியாக வேண்டும். வாயில் நேர்தலும் வாயில் மறுத்தலும் எம்முறையிலும் உண்டு.

அன்னையாரைக் கேட்ட பிறகே காமிராவை மீண்டும் பொருத்தினோம். கட்டிலுக்கு எதிரே அன்று; அவர் நடை பழகும் கூடத்தில், அவரே காட்டிய இடத்தில். மறைவழியின் சாவி நம் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. காமிராவின்மேல் போடுவதற்கு அவர் தம் பழைய புடவையிலிருந்து ஒரு சிறு துணியைத் தைத்துவைத்துக்கொண்டார். பார்த்தது போதும் என்று தோன்றும்போது அதைப் போர்த்திவிடுவார். சில நாள் அலுவலகத்திலிருந்து பார்க்கையில் நமக்கு அந்தத் துணியின் மறைவே தெரியும். அப்பொழுது வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அவர் குரலைக் கேட்டுக்கொள்வோம்.